வீட்டுக்கு வந்த ஜெம்மிங் மெசின்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று மாலையே தோட்டத்து வாச்சரும் கண்டக்டர் ஐயாவும் எங்கள் காம்பராவைச் சோதனை போட வந்துவிட்டார்கள். கண்டக்டர் என்றதும் பஸ்ஸை நினைக்க வேண்டாம். தோட்டத்து வேலையை மேற்பார்வை பார்க்கிற உத்தியோகத்தருக்கு அந்தப் பெயர். காம்பரா, லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அறை. வாச்சர், காவல்காரர். ஒரு கம்ப்யூட்டருக்காகக் காவல்காரர் ஏன் வர வேண்டும் என்று கேட்பீர்கள். நாங்கள் வாங்கியது கேமிங் கம்ப்யூட்டர். தோட்டத்தில் பரவிய செய்திதான் வேறு.

கஹவத்தையிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். பாதி தேயிலை, பாதி ரப்பர். அம்மா கொழுந்து எடுக்கப் போவாள். அப்பாவுக்குத் தண்ணீர் வேலை. மேலே ஓடையோரத்தில் இருக்கிற தொட்டியிலிருந்து லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு வரும் குழாயைப் பார்த்துக்கொள்வது. அடைத்தால் குத்திவிட வேண்டும், உடைந்தால் கட்ட வேண்டும், மழையில் மண் சரிந்தால் வெட்டி எடுக்க வேண்டும். அதனால் அப்பா எப்போதும் தோளில் மம்பட்டியும் முழங்கால்வரை சேறுமாகத்தான் வீட்டுக்கு வருவார். ஏன் இவ்வளவு சேறு என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்து மண்ணுக்குக் கீழே மாணிக்கக்கல் உண்டு. அடுத்த கிராமத்துச் சிங்கள ஆட்கள் தங்கள் வயலில் அனுமதி எடுத்துக் குழி வெட்டுவார்கள். தோட்டத்து நிலத்தில் யாரும் தொடக் கூடாது. அந்த நாட்களில் ஓடைப் பக்கம் யாரோ களவாகத் தோண்டுகிறார்கள் என்று பேச்சு எழுந்திருந்தது. காலையில் எல்லோரும் கூடும் பெரட்டில் கண்டக்டர் ஐயா ஒருநாள் சத்தமாகச் சொன்னார், பிடிபட்டால் பேர் வெட்டு என்று. பேர் வெட்டினால் வேலையோடு காம்பராவும் போய்விடும். வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்த காம்பராதானே அது. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு இறங்க வேண்டியதுதான். எங்களுக்கு அப்படிப் போய் நிற்க இந்த நாட்டில் வேறொரு இடம் கிடையாது.

இனி கம்ப்யூட்டர். அண்ணன் உயர்தரப் பரீட்சை எழுதினான். கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போகும் அளவுக்குப் புள்ளி வரவில்லை. எங்கள் லயத்துப் பையன்கள் அதற்குப் பிறகு போகிற இடம் ஒன்றுதான்: கொழும்பில் ஏதாவது ஒரு கடை, சாமான் தூக்குவது, கடைக்கு மேலேயே படுப்பது, தீபாவளிக்கும் தேருக்கும் மெலிந்துபோய் வந்து நிற்பது. அண்ணனுக்கும் ஓர் இடம் பார்த்தாகிவிட்டது. ஆனால் டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் அவனுக்குக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் வேலையைப் பழக்கியிருந்தார். சொந்தமாக ஒரு மெசின் வைத்துக்கொள், வீட்டிலிருந்தே செய்யலாம், வேலை நான் தருகிறேன் என்றார். மெசின் வந்தால் அண்ணன் வீட்டில், வராவிட்டால் கொழும்பில். எனக்குப் பத்து வயது. அண்ணன் இல்லாத வீட்டை எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதோடு, கம்ப்யூட்டரில் கார் ஓட்டலாம் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு கவலையும் எனக்குச் சமமாகத்தான் இருந்தன.

அந்த நாட்களில்தான் அப்பா ஒரு சாயந்தரம் சமைக்கிற குசினிக்குப் பின்னால் நின்று போனில் பேசியது என் காதில் விழுந்தது. சிங்களத்தில் பேசினார். "இல்லம ஹம்புனா மச்சாங். ஹொந்த இல்லம." ஹம்புனா என்றால் கிடைத்துவிட்டது, ஹொந்த என்றால் நல்ல, அது எங்கள் தோட்டத்தில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். இல்லம் என்பது எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தமிழ்ப் பாடத்தில் இல்லம் என்றால் வீடு. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நான் சிவப்பு இல்லம். ஆகவே எங்களுக்கு நல்ல வீடு கிடைத்துவிட்டது. லயத்தை விட்டுத் தனி வீடு கட்டித் தருகிற திட்டத்துக்கு அம்மா பேர் கொடுத்து, போகிற வருகிற ஆட்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பா மச்சாங் என்று பேசுகிற சிங்கள ஆள் யாரென்று தெரியவில்லை. வீட்டுத் திட்டக் கந்தோரில் வேலை பார்க்கிற யாராவதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்களே சொல்லட்டும் என்று சந்தோஷத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். சந்தோஷத்தை வாய்க்குள் வைத்திருப்பது பத்து வயதில் லேசான காரியம் இல்லை.

பிறகு ஒரு நாள் அப்பாவும் அண்ணனும் நானும் இரத்தினபுரிக்கு பஸ் ஏறினோம். கிளம்பும்போது அம்மா என் தாடையைப் பிடித்துச் சொன்னாள்: "யாராச்சும் கேட்டா சீட்டு விழுந்துச்சுன்னு சொல்லு பாப்பா." அம்மா எந்தச் சீட்டிலும் இல்லை. இருந்தாலும் தலையை ஆட்டினேன்.

கம்ப்யூட்டர் கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம். அண்ணன் அரை மணி நேரம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பித்தான். நானா கேட்டுவிட்டு ஒரு மெல்லிய பெட்டியைத் தள்ளிவைத்தார்.

"மகன், இது ஆபீஸ் வேலைக்கி. வீடியோக்குச் சரிவராது. அந்தா அத எடுங்க, கேமிங் மெசின். தனியா கார்டு ஈக்கி. சாமான் சாமானா வாங்கிப் பூட்டினா இதவிடக் கூடப் போகும். இது பூட்டியே வந்த."

அவர் ஸ்விட்சைத் தட்டினார். பக்கமெல்லாம் கண்ணாடி. உள்ளே மூன்று காற்றாடி நீல வெளிச்சத்தில் சுற்றியது. எனக்கு அழுகை வரும் போல இருந்தது, அவ்வளவு அழகு. அப்பாவின் முகம் மட்டும் சுருங்கிவிட்டது.

"கேமுன்னா வெளையாடுறதுங்களா?"

"செஞ்சது வெளையாடத்தான். ஆனா வெளையாட்டுக்கு ஓடுற ஓட்டம்தான் வீடியோக்கும் ஓணும். லைட்டப் பாத்து நீங்களும் மயங்க வாணாம். கேமிங்ல இதுதான் ஆகக் கொறஞ்சது. லைட்டு மட்டும்தான் பெரிய எடுப்பு."

இப்படி உண்மை பேசுகிற கடைக்காரரிடம் அப்பாவுக்குப் பேரம் பேச வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "கரண்டு நெறைய இழுக்குமாங்க? எங்க லயத்துல அத்தன வூட்டுக்கும் ஒரே வயரு."

"தண்ணி சுட வெக்கிற ஒரு கேத்தல் இழுக்கிறதுல பாதிகூட இல்ல."

அப்பா நிம்மதியாகத் தலையசைத்தார். கேத்தலைப் பற்றி அவர் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

எங்களை ஏற்றி வந்த திரீவீல் லயத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. அண்ணன் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினான். பெட்டியின் பக்கத்தில் அந்த நீல வெளிச்சத்தின் படம், அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ஆங்கிலம். பக்கத்துக் காம்பராப் பெரியப்பா இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உறவில்லை, அழைப்பதுதான் பெரியப்பா. எங்கள் பக்கத்தில் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் ஒரு ஆங்கிலச் சொல் எழுத்தோடு தெரியும். இரத்தினபுரி போகிற வழியெல்லாம் போர்டு போர்டாகத் தொங்குகிற சொல்: ஜெம், மாணிக்கக்கல். பெரியப்பா பெட்டியில் ஜியைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார், நீலமாக மின்னுகிற படத்தையும் பார்த்தார். நடுவில் இருந்த எழுத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"ஜெம்மிங் மெசினாடா தம்பி?" என்றார்.

அண்ணன் பெட்டிப் பாரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "ஆமா பெரியப்பா, கேமிங் மெசின்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அந்தச் செய்தி எங்களைவிட வேகமாகத் தோட்டத்தைச் சுற்றியது. பீலிக்கரைக்குப் போனபோது அது கல் இருக்கிற இடத்தைக் காட்டுகிற மெசின். தோட்டத்துக் கடைக்குப் போனபோது பெட்டிக்குள் மண் தோண்டுகிற குட்டி பெக்கோ இருந்தது. மண்ணைத் தானே வெட்டித் தானே கழுவும்.

அண்ணன் வயர்களைப் பூட்டிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கேட்காத சாமான்களையெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பிடிக்கப் போன அம்மா குடம் இல்லாமல் ஓடி வந்தாள். அப்பாவிடம் காதோடு காதாக ஏதோ சொன்னாள். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு வேலை செய்தாள். கட்டிலுக்கு அடியில் அப்பாவின் பிரம்புக் கூடை ஒன்று இருந்தது, அகலமாக, ஆழமில்லாமல். அதில் பழைய சேலையைச் சுருட்டி வைத்து, நாலு முட்டையை வைத்து, வெளியே மேய்ந்துகொண்டிருந்த பெட்டைக் கோழியைத் துரத்திப் பிடித்து அதன்மேல் உட்கார வைத்தாள். அந்தக் கோழிக்கு அடைகாக்கும் எண்ணமே கிடையாது. எழுந்து எழுந்து வந்தது. அம்மா கூடையை உள்ளே தள்ளி, முன்னால் சாக்கை விரித்துவிட்டாள். அப்பா மம்பட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மம்பட்டியை ஏன் இப்போது இவ்வளவு சுத்தமாகக் கழுவுகிறார் என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று இருக்கும்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். கண்டக்டர் ஐயா ஹட்டன் பக்கத்துத் தமிழர், எங்கள் தோட்டத்துக்குப் புதிது. தேயிலையை இலை இலையாகப் பிரித்துச் சொல்வார், மாணிக்கக் குழியைக் கிட்ட நின்று பார்த்திருக்க மாட்டார். வாச்சர் எங்கள் அடுத்த கிராமத்துச் சிங்களவர்; எங்களைப் போலவே தமிழ் பேசுவார். வாசலில் பாதி லயம் கூடிவிட்டது.

"ஜெம்மிங் மெசின் ஒண்ணு வந்திருக்காமே, எங்க?" என்றார் ஐயா.

அண்ணனுக்கு அது காதில் சரியாகவே விழவில்லை. மெசினைப் பார்க்க இவ்வளவு பெரிய ஆட்கள் வந்திருக்கிறார்களே என்ற பெருமையில் இருந்தான். "இந்தா இருக்கு சார்" என்று பட்டனை அமுக்கினான். காற்றாடிகள் சுற்றின. நீலம், சிவப்பு, பச்சை. ஐயா வாயைத் திறந்து ஏதோ கேட்க வந்தார். அந்த நேரம் பார்த்து லயத்து வரிசையில் யாரோ கேத்தலைப் போட்டுவிட்டார்கள். மொத்த லயமும் டப்பென்று இருண்டது.

"மெசின் எல்லாக் கரண்டையும் உறிஞ்சிருச்சு!" என்று வெளியே பெரியப்பா கத்தினார்.

அப்பா மெயின் ஸ்விட்சைப் பார்க்க ஓடினார். ஐயா தன் டோர்ச்சை அடித்து அறையைச் சுற்றிக் காட்டினார். வெளிச்சம் கட்டிலுக்குக் கீழே போய் நின்றது. சாக்கு அசைந்தது.

"அதென்ன?" என்றார் ஐயா.

"நீங்க குனிய வாணாம் சார், பூரான் இருக்கும். நான் பாக்குறேன்" என்று வாச்சர் டோர்ச்சை வாங்கிக்கொண்டார். கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்தார். கோழி அவர் கையில் ஒரு கொத்துக் கொத்தியது. அவர் சிங்களத்தில் கோழியின் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "அடைக்கோழி சார். வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

கரண்ட் வந்தது. அண்ணன் மறுபடி பட்டனை அமுக்கி, ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தைத் திறந்து, முகத்தை வெளிச்சமாக்கிக் காட்டினான். பெட்டியில் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்து கேமிங் என்றும் விளக்கினான். ஐயா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினாள். வாச்சருக்குத்தான் முதலில் கொடுத்தாள். ஐயா இருக்கும்போது வாச்சருக்கு முதலில் கொடுக்கிறாளே, அம்மாவுக்கு மரியாதை தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஐயா கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு மெசினை மறுபடி பார்த்தார். அவர் கண்ணில் சிரிப்புப் போய்விட்டது.

"நல்ல மெசின்தான். எப்படி வாங்கினீங்க?" என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வாயைத் திறந்தாள். சீட்டு என்று அவள் சொல்லியிருப்பாள். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லும் முறை என்னுடையது என்று நான் நினைத்துவிட்டேன். வகுப்பில் எழுந்து நிற்பதுபோல நிமிர்ந்து நின்றேன். எங்கள் வீட்டுக்கு நடந்த நல்லதெல்லாம் ஒன்றிலிருந்துதானே தொடங்கியது.

"எங்களுக்கு இல்லம் கெடச்சிருச்சு சார்! நல்ல இல்லம்!"

வாச்சரின் கையிலிருந்த பிளேன்டீ அவர் சட்டையில் கொட்டியது. அம்மாவின் விரல் என் முதுகில் ஒரு பிடி சதையைப் பிடித்தது. பிடித்தது பிடித்தபடியே இருந்தது, விடவில்லை. கோழி மட்டும் கட்டிலுக்கு அடியில் கொக்கரித்தது.

ஐயாவின் முகம் மெல்ல மலர்ந்தது.

"இல்லமா! வீட்டுத் திட்டத்துல பேர் வந்திருச்சா? அப்ப கடன் வாங்கவும் யோசிக்க மாட்டீங்கதான். சந்தோஷம்ப்பா." பிறகு என் தலையில் கையை வைத்தார். "இல்லம்னு என்ன அழகாச் சொல்லுது பிள்ள! எங்க ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளே வீடு வீடுன்னுதான் சொல்லும். இந்தச் சிங்கள ஊருல இருந்துக்கிட்டு இப்பிடித் தமிழா! நல்லாப் படிக்க வைங்க."

அப்பா சரிங்க சார் என்றார். அவர் குரல் கேட்கவே இல்லை, உதடுதான் அசைந்தது. வாச்சர் சட்டையைத் துடைத்துக்கொண்டே, "ஹொந்த இல்லமக் தமய்" என்றார். நல்ல இல்லம்தான் என்று அர்த்தம். ஐயாவுக்கு அதுவும் பிடித்திருந்தது.

அவர்கள் போன பிறகு அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். ரகசியத்தை உடைத்துவிட்டேன் அல்லவா. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. அண்ணனுக்கும் எதுவும் புரியவில்லை. அவன் மெசினுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கையில் ஒரு விதி வந்தது. அண்ணன் வேலை செய்யும் நேரம் லயத்தில் யாரும் கேத்தல் போடக் கூடாது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பதிலுக்கு அண்ணன் அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் சும்மா படம் வெட்டிக் கொடுத்தான். அவன் கொழும்புக்குப் போகவில்லை. நான் ஆசைப்பட்டபடி அதில் காரும் ஓட்டினேன், பெரும்பாலும் சுவரில் முட்டினேன். கோழி கடைசியில் அந்தக் கூடையை உண்மையாகவே தன்னுடையதாக்கிக்கொண்டது. அப்பா அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. அவர் முன்னைப்போல இருட்டும்வரை ஓடைப் பக்கம் நிற்பதும் நின்றுவிட்டது. கண்டக்டர் ஐயா மட்டும் என்னை எங்கே பார்த்தாலும், "என்ன பாப்பா, இல்லம் எப்பிடி இருக்கு?" என்று கேட்பார். அப்பா பக்கத்தில் இருந்தால் அவருக்கு இருமல் வந்துவிடும்.

பெரிய வகுப்புக்குப் போன பிறகு ஒருநாள் புவியியல் பாடத்தில் ஆசிரியர் எங்கள் மாவட்டத்து மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே களிமண், அதற்குக் கீழே மணல், அதற்கும் கீழே மாணிக்கக்கல் கிடக்கும் சரளைக்கல் படை. அந்தப் படைக்குச் சிங்களத்தில் பேர் இல்லம, நம் ஆட்கள் இல்லம் என்பார்கள் என்றார். அதை அள்ளிப் பிரம்புத் தட்டுக் கூடையில் வைத்து ஓடையில் அலசுவார்கள் என்றார். நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன். எங்கள் கோழி எதில் படுத்திருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. ஓடையோரத்தில் தொட்டிக்குப் பின்னால் ஒரு குழி. வெட்டுவது அப்பா, கல்லைப் பார்த்து விற்றுக் கொடுப்பது அவருடைய மச்சாங், அதாவது வாச்சர். குழிக்கு மேலே காவலும் அவரேதான். அகப்பட்டது ஒரே ஒரு சின்ன நீலக்கல். அது கம்ப்யூட்டராக வந்துவிட்டது. மழை நாளில் தனியாக அந்தக் குழிக்குள் இறங்கும்போது என்ன நினைப்பீர்கள் என்று கேட்டேன். "கரை சரிஞ்சா குழாய்க்கு மண் வெட்டப் போனப்ப செத்துட்டேன்னு சொல்லணும்னு வாச்சர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். அப்பதான் உங்கம்மாவுக்குக் காம்பரா மிஞ்சும்" என்றார். மழை வரும் போல இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். நான் எழுந்து வெளியே போய் அழுதேன்.

அன்று மாலை எனக்குப் புரியாமல் போனவை நிறைய. அம்மாவின் விரல் ஏன் அவ்வளவு நேரம் விடவில்லை, வாச்சருக்கு ஏன் முதல் கோப்பை, ஐயா கேட்ட கேள்விக்கு அந்த அறையில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் எப்படி நானாக இருந்தேன், எதுவும் எனக்குத் தெரியாது. ஐயா மாற்றலாகி எப்போதோ ஹட்டன் பக்கம் போய்விட்டார். போகும்போதுகூட, புது இல்லத்துக்குப் பால் காய்ச்சும்போது சொல்லி அனுப்புங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் சரி என்று தலையாட்டினேன். அப்பா அம்மா இன்னும் அதே காம்பராவில்தான் இருக்கிறார்கள். இல்லம் கிடைத்தது உண்மை. வீடுதான் இன்னும் கிடைக்கவில்லை.